கட்டைவிரல் துள்ளியது

அத்தியாயம் 14

"கழுத்தைத் தொடறதுக்கு முன்னாடி கையைப் பாரு. கையைப் பார்க்காம கழுத்துல கை வச்சேன்னு தெரிஞ்சுது, நானே உன்னை வெளியே தள்ளிக் கதவைச் சாத்திடுவேன்."

"உத்தரவு, மிலிட்டரி!" என்று நாத்தனார் விறைப்பாக நின்று சல்யூட் அடித்தாள்.

மிலிட்டரி என்பது நோயாளிகள் வைத்த பெயர். வலிக்குது என்று அலறுபவரிடம் "வலிக்கட்டும், இன்னும் பத்து தடவை" என்று சொல்லிச் சொல்லியே, முடங்கிய கைகால்களை மறுபடி இயங்கவைக்கும் பிசியோ சம்பாதித்த பட்டம் அது. நாத்தனாருக்கும் ஒரு பட்டம் உண்டு. வாலு. கணவனின் தங்கை. கல்யாணம் கசந்து அண்ணன் வீட்டுக்குத் திரும்பி வந்தவள், மூலையில் உட்கார்ந்து மூக்கைச் சிந்தாமல், உடம்பு பிடித்துவிடும் கலையை முறையாகப் படித்து முடித்தவள்.

அண்ணன், அதாவது பிசியோவின் கணவன், யோகா மாஸ்டர். ஒன்பது வருடங்களாகக் கீழ்த்தளத்தில் அவள் கிளினிக், மாடியில் அவன் வகுப்பு. நடுவில் இருந்தது படிக்கட்டு மட்டும் இல்லை. "மூச்சை இழுத்து விட்டா முட்டி மடங்கிடுமா?" என்று அவள் கேட்பாள். "முட்டி மடங்கிட்டா மட்டும் மனுஷன் எழுந்து நடந்துடுவானா?" என்று அவன் திருப்பிக் கேட்பான். சோறு மட்டும்தான் ஒன்றாகச் சாப்பிட்டார்கள்.

அந்த ஒன்பது வருடப் பனிப்போரை முடித்துவைத்தவர் பஸ் டிரைவர் என்பது போன வாரங்களைப் படித்தவர்களுக்குத் தெரியும். விபத்தில் முட்டி நொறுங்கியவர். ஆபரேஷன் நன்றாகவே நடந்திருந்தது, எலும்பும் கூடிவிட்டது. ஆனாலும் கால் மடங்க மறுத்தது. பிசியோ மாதக்கணக்கில் அந்தக் காலோடு மல்லுக்கட்டினாள். ஒருநாள் ஏதோ சாவி தேடிக் கீழே வந்த மாஸ்டர், வாசலிலேயே நின்று பார்த்துவிட்டுச் சொன்னான்: "காலை மடக்கும்போதெல்லாம் இவர் மூச்சே விடறதில்ல. கவனிச்சியா?"

வாலு தொடையில் கைவைத்துப் பார்த்தாள். "பலகையாட்டம் இருக்கு அண்ணி. பல்லை வேற கடிச்சுக்கிட்டு இருக்கார்."

வாலு தசையை இளக்கினாள். மாஸ்டர் பக்கத்தில் உட்கார்ந்து மூச்சை வெளியே விடப் பழக்கினான். பிசியோ அந்த வெளிமூச்சோடு சேர்த்துக் காலை மடக்கினாள். அன்றைக்கு டிரைவர் வாய்விட்டு அழுதார். பிரேக்கை மிதித்தும் வண்டி நிற்காமல் போன அந்த நொடியைப் பற்றி, கட்டிய மனைவியிடம்கூடச் சொல்லாததைச் சொன்னார். அழுது முடித்தபோது முட்டி மடங்கியிருந்தது. யாருமே கவனிக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் மூன்று பேரும் ஒரே கூடத்தில் வேலை செய்வது என்று முடிவானது. அந்த முட்டிக்கு ஆபரேஷன் செய்த எலும்பு டாக்டரே இன்று பிற்பகல் அக்கம்பக்கத்தார் முன்னிலையில் நடக்கும் செயல்விளக்கத்தைப் பார்க்க வருகிறார். "எண்ணெய் தேய்க்கிற இடத்துக்கெல்லாம் நோயாளிகளைச் சீட்டு எழுதி அனுப்ப முடியாதும்மா" என்று போனிலேயே இழுத்தவர். அவருக்குப் பிடித்துப்போய்விட்டால் மற்ற டாக்டர்களுக்கும் பிடித்துப்போகும்.

அதனால்தான் காலையிலேயே இந்தப் பாடம்.

"நடுவிரலைத் தளர்வா பிடிச்சுக்க," என்று பிசியோ காட்டினாள். "நக நுனியைக் கீழே அழுத்தி, சட்டுனு விடு. சுண்டிவிடற மாதிரி. அந்த நேரத்துல கட்டைவிரல் என்ன பண்ணுதுன்னு பாரு. பேசாம இருந்தா நல்லது. தானா உள்ளே மடங்கித் துள்ளிச்சுன்னா, கழுத்துக்குள்ள தண்டுவடம் எங்கேயோ நெருக்கப்படுதோன்னு சந்தேகப்படணும். அப்ப எண்ணெயும் வேண்டாம், ஆசனமும் வேண்டாம். நேரா டாக்டர்கிட்ட."

வாலுவின் விரலைப் பிடித்துச் சுண்டினாள். கட்டைவிரல் அசையாமல் கிடந்தது.

"இப்ப என் கையில செஞ்சு பழகு."

வாலு நாக்கைத் துருத்திக்கொண்டு, சிரத்தையாக அண்ணியின் நடுவிரலைப் பிடித்தாள். சுண்டினாள்.

கட்டைவிரல் துள்ளியது.

"அண்ணி! சும்மா ஆட்டாதீங்க."

பிசியோ ஆட்டவில்லை.

"இன்னொரு தடவை," என்றாள். குரல் எங்கேயோ தூரத்திலிருந்து வந்தது போல அவளுக்கே கேட்டது.

மறுபடி துள்ளியது. இடது கையிலும் துள்ளியது. கூடவே சுட்டுவிரலும் கொக்கி போல வளைந்தது.

வாலு சிரித்துக்கொண்டே நிமிர்ந்தாள். "இப்படித்தான் துள்ளுமா? நல்லா நடிக்கிறீங்க அண்ணி."

"ஆமா," என்றாள் பிசியோ. "நீ ஒழுங்கா கவனிக்கிறியான்னு பார்த்தேன்."

சொல்லிவிட்டு எழுந்தாள். மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள் என்பதை எழுந்த பிறகுதான் கவனித்தாள்.

கழிப்பறைக்குள் போய்க் கதவைத் தாழிட்டாள். நல்லா இருக்கிறவங்க சிலருக்கும் துள்ளும், என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். உண்மைதான். சிலருக்குத் துள்ளும். அதை வைத்து மட்டும் எதையும் சொல்லிவிட முடியாது.

தரையில் ஓடுகள் சேரும் கோடு நேராகப் போனது. அதன்மேல் ஒரு காலின் குதிகால் மறுகாலின் விரல் நுனியைத் தொட அடியெடுத்து வைத்தாள். எந்த நோயாளியையும் முதல்நாள் நடக்கவைக்கும் நடை. கொஞ்ச தூரம் போவதற்குள் உடம்பு ஒரு பக்கம் சாய்ந்து, கை தானாகச் சுவரைத் தேடியது.

தலையைக் குனிந்து, முகவாயை மார்பில் வைத்தாள்.

பின்கழுத்திலிருந்து முதுகுவழியே குதிகால்வரை சுரீரென்று மின்சாரம் பாய்ந்தது.

இது புதிது இல்லை. தலைக்குக் குளிக்கும்போது வரும். தூக்கம் போதாது என்று விட்டிருந்தாள். சட்டைப் பொத்தான் போட நேரமாவதற்கு மூக்குக்கண்ணாடியை மாற்றவேண்டும் என்று நினைத்திருந்தாள். போன மாதம் கையிலிருந்து டம்ளர் நழுவியபோது, டம்ளரைத்தான் திட்டினாள். படியேறும்போது செருப்பு தட்டினால் செருப்பு சரியில்லை என்றாள். இதில் ஒன்றை வேறு யாராவது வந்து சொல்லியிருந்தால் அன்றைக்கே ஸ்கேனுக்கு அனுப்பியிருப்பாள். விளக்கின் அடியில்தான் இருட்டு என்பார்கள். கண்ணாடியில் தெரிந்த முகத்தை அவள் யாரோ மாதிரிப் பார்த்தாள்.

காலை முழுக்க நோயாளிகள் விடவில்லை. பிற்பகல் கூடத்தில் மாஸ்டர் பாய்களை விரித்துக்கொண்டிருந்தான். பாட்டு வேறு. அவன் பாடிக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று!

"என்னங்க," என்றாள்.

"வா வா. உன் பாய் இங்கே, நடுவுல. டிரைவர் முடிச்சதும் நீ. தோள்ல நின்னு காலை மேல தூக்கறே, நான் பக்கத்துல இருந்து முதுகைத் தாங்கிக்கறேன். போன வாரம் வீட்டுல செஞ்சியே, அதே மாதிரி." நிமிர்ந்தான். முகமெல்லாம் பல். "ஒன்பது வருஷமா என்னை மூச்சு வியாபாரின்னு சொன்னவ, எல்லார் முன்னாடியும் சர்வாங்காசனம் போடப்போறே. இதைவிட எனக்கு வேற என்ன வேணும்?"

அந்த ஆசனத்தில் உடம்பின் பாரம் முழுக்கத் தோளிலும் பின்கழுத்திலும் இறங்கும். முகவாய் மார்பில் அழுந்தும். போன வாரம் செய்தாள். இரண்டு முறை செய்தாள். அவன் கைதட்டினான்.

அவள் பாயைச் சுற்றிக்கொண்டு அவனருகே வந்தாள்.

"என்னங்க, ஒரு விஷயம்..."

வாசலில் கார் வந்து நின்றது. "டாக்டர் வந்துட்டார் அண்ணா!" என்று வாலு கத்தினாள். அவன் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு ஓடினான்.

எலும்பு டாக்டர் கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். அவருக்குப் பின்னால் அக்கம்பக்கத்து மக்கள், பழைய நோயாளிகள், வேடிக்கை பார்க்க வந்தவர்கள். கூடம் நிறைந்திருந்தது.

டிரைவர் பாயில் மல்லாந்து படுத்தார். "டாக்டர், இந்த அம்மா ஒருத்தங்ககிட்ட மாட்டினப்போ உங்களைத் திட்டுவேன். எதுக்குய்யா காலைக் காப்பாத்துனீங்கன்னு. இப்ப மூணு பேர்கிட்ட மாட்டியிருக்கேன். திட்டறதை நிறுத்திட்டேன்."

டாக்டர் சிரிக்கவில்லை. ஆனால் கட்டிய கை அவிழ்ந்தது.

வாலு தொடையின் வெளிப்பக்கத்தை முழங்கையால் மெதுவாக உழுதாள். மாஸ்டர் தலைமாட்டில் உட்கார்ந்து, "உள்ளே இழுக்கறதைப் பத்திக் கவலைப்படாதீங்க, விடறதை நீளமா விடுங்க" என்றான். பிசியோ குதிகாலைப் பிடித்தாள். வெளிமூச்சு நீண்டபோது காலும் மடங்கியது. எல்லாம் நடந்தது. அவள் கைகள் வேலை செய்தன. ஆனால் விரல் நுனிகளில் ஒரு மரத்த தன்மை, கையுறை போட்டுக்கொண்டு பிடிப்பது போல. இது எத்தனை மாதமாக இருக்கிறது? நேற்று இருந்ததா?

டாக்டர் எழுந்து வந்து, தானே குனிந்து முட்டியைத் தொட்டுப் பார்த்தார். "எலும்பை ஒட்டவைக்கறது என் வேலை," என்றார். "அந்த எலும்புக்குச் சொந்தக்காரரை நான் கவனிக்கலை போலிருக்கு."

கூடம் கைதட்டியது. மாஸ்டரின் கண் கலங்கிவிட்டது.

"இப்ப என் மனைவி," என்றான்.

பிசியோ நடுப் பாய்க்கு வந்தாள். எல்லா முகங்களும் அவளைப் பார்த்தன. மறுபடி கைதட்டல் எழுந்தது. கணவன் மண்டியிட்டுக் கைகளைத் தயாராக வைத்துக்கொண்டான்.

படுத்தால் என்ன? போன வாரம் ஒன்றும் ஆகவில்லையே. ஒரே நிமிஷம். பிறகு ராத்திரி தனியாகச் சொல்லிக்கொள்ளலாம். அவன் முகத்தில் இருக்கும் அந்தச் சிரிப்பு...

"நான் செய்ய மாட்டேன்," என்றாள்.

கைதட்டல் பாதியில் நின்றது.

"என்னது?"

"நான் படுக்க மாட்டேங்க. முடியாது."

அவன் அவளையே பார்த்தான். சிரிப்பு மெல்ல மெல்ல இறங்கியது. "டாக்டர் முன்னாடியா?" என்றான், அவளுக்கு மட்டும் கேட்கும் குரலில். "ஒன்பது வருஷம் சொன்னது போதாதுன்னு, இன்னைக்கும் டாக்டர் முன்னாடி என்னை..."

பதில் வேறு பக்கத்திலிருந்து வந்தது.

"அண்ணி." வாலு எண்ணெய்க் கையோடு எழுந்து நின்றிருந்தாள். முகம் பேயறைந்தது போல வெளுத்திருந்தது. "காலையில நீங்க ஆட்டலை. இல்ல?"

பிசியோ ஆமாம் என்று தலையை மட்டும் அசைத்தாள். அதையும் பயந்து பயந்து அசைத்தாள்.

"என்ன ஆட்டறது? என்ன பேசறீங்க ரெண்டு பேரும்?" என்றான் மாஸ்டர்.

"சுண்டினப்போ அண்ணியோட கட்டைவிரல் துள்ளிச்சு, ரெண்டு கையிலயும்," என்றாள் வாலு.

எலும்பு டாக்டர் சட்டென்று எழுந்து வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு, "உட்காருங்க" என்றார். அவள் நடுவிரலைப் பிடித்துச் சுண்டினார். இரண்டு கையிலும். முட்டிக்குக் கீழே தட்டினார்; கால் அளவுக்கு மீறி உதைத்துக்கொண்டு எழும்பியது. பேனா மூடியால் உள்ளங்காலைக் கீறினார். கீழே மடங்கவேண்டிய பெருவிரல் மேலே தூக்கிக்கொண்டது. அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் பேனாவை மூடும்போது மூடி கீழே விழுந்தது. அவர் அதை எடுக்கவில்லை.

"யாரும் இவங்க கழுத்தைத் தொடாதீங்க," என்றார். "கார்ல நானே கூட்டிட்டுப் போறேன். இப்பவே."

டிரைவர்தான் முதலில் எழுந்தார். "வழி விடுங்க, வழி விடுங்க" என்று கூட்டத்தை இரண்டாகப் பிளந்துகொண்டு, மடங்காமல் கிடந்த அதே காலால் முன்னால் ஓடினார்.

ஸ்கேன் மெஷினின் குழாய்க்குள் அவளைத் தள்ளுவதற்கு முன், கழுத்தின் இரண்டு பக்கமும் முட்டுக்கொடுத்தார்கள். எத்தனையோ பேரை "ஒண்ணும் இல்ல, சத்தம் மட்டும்தான் வரும்" என்று சொல்லி இதற்குள் அனுப்பியிருக்கிறாள். ஒண்ணும் இல்லையாம்! அவளும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் படுத்திருந்தாள். வாலு அவள் பாதங்களைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். மாஸ்டர் அவள் காதருகே குனிந்தான்.

"விடறதை நீளமா விடு," என்றான். "வேற எதையும் யோசிக்காதே. விடறது மட்டும்தான் உன் வேலை."

அவள் விட்டாள். மெஷின் தடதடவென்று இடித்தது. அவள் விட்டுக்கொண்டே இருந்தாள்.

வெளியே வந்தபோது கழுத்தில் முகவாய்வரை ஏறிய கெட்டியான பட்டை. டாக்டர் படத்தை வெளிச்சத்தில் மாட்டினார்.

"கழுத்துல ரெண்டாவது எலும்பு. அதுக்கு மேல ஒரு முளை நீட்டிக்கிட்டு இருக்கும். அதைச் சுத்தித்தான் தலை திரும்புது. உங்களுக்குப் பார்த்தீங்களா, அந்த முளை எலும்போட சேராம தனியா நிக்குது. குனியும்போதெல்லாம் எலும்பு நழுவி தண்டுவடத்தை இடிக்குது." கொஞ்சம் நிறுத்தினார். "இந்த வாரமே ஆபரேஷன். எலும்பை எலும்போட சேர்த்து இறுக்கிடலாம். நல்லா வருவீங்க. ஆனா ஒண்ணு சொல்றேன். இன்னைக்கு அந்தப் பாய்ல நீங்க தலைகீழா நின்னிருந்தா, என்ன ஆகியிருக்கும்னு என்னால சொல்ல முடியாது. எழுந்திருச்சும் இருக்கலாம். எழுந்திருக்காமலும் இருக்கலாம்."

மாஸ்டர் அறையை விட்டு வெளியே போய்விட்டான்.

வராந்தாவின் கோடியில், சுவரைப் பார்த்து நின்றிருந்தான். அவள் மெல்ல நடந்து வந்தாள். தலையைத் திருப்ப முடியாததால் முழு உடம்பையும் திருப்பி அவனைப் பார்க்கவேண்டியிருந்தது.

"போன வாரம் உன்னை நான்தான் தூக்கி நிறுத்தினேன்," என்றான் சுவரிடம். "இன்னும் நேரா, இன்னும் நேரான்னு சொன்னேன். கைதட்டினேன்."

"எனக்கே தெரியாதது உங்களுக்கு எப்படிங்க தெரியும்?"

"உன் நடை மாறினதைப் பார்த்தேன். மாடிப்படியில கைப்பிடியைப் பிடிச்சு ஏறறதைப் பார்த்தேன். ஒவ்வொருத்தன் மூச்சையும் கவனிக்கிறவன், வீட்டுல இருக்கிறவளைக் கவனிக்கலை. பார்த்தேன், ஆனா கவனிக்கலை. நான் எல்லாம் மாஸ்டர்!"

"அப்படிப் பார்த்தா நான் எல்லாம் பிசியோ!" என்றாள். சிரிக்கவேண்டும் என்றுதான் சொன்னாள். அவன் சிரிக்கவில்லை. "தனித்தனியா மூணு பேரும் கோட்டை விட்டோம். ஒண்ணா உட்கார்ந்து பாடம் படிச்சோம் பாருங்க, அதுலதான் மாட்டிச்சு. உங்க தங்கச்சி ஒரு சுண்டு சுண்டினா."

அவன் அவள் கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டான். மரத்துப்போன விரல்களுக்கு அந்தச் சூடு கொஞ்சம் தாமதமாகத்தான் தெரிந்தது. தெரிந்தது, அதுவே போதும்.

"ஆபரேஷனுக்கு அப்புறம்," என்று வாலு பின்னாலிருந்து மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள், "நான் சொல்றபடிதான் கேக்கணும் அண்ணி. வலிக்குதுன்னா, இன்னும் பத்து தடவைம்பேன்."

மூன்று பேரும் சிரித்தார்கள். சிரிப்பில் பாதி அழுகை.

டாக்டர் கதவருகே வந்து நின்றார். "ஒண்ணு கேக்க மறந்துட்டேன். சின்ன வயசுல எங்கேயாவது பலமா விழுந்திருக்கீங்களா?"

"இல்லையே டாக்டர்."

"சிலருக்குப் பிறவியிலேயே இந்த முளை தனியா இருக்கலாம். ஆனா நடக்கக்கூடப் பழகாத வயசுல அடிபட்டு, யாரும் கவனிக்காம விட்டாலும் இப்படி ஆகும். பழைய விஷயம், விளிம்பெல்லாம் வழவழன்னு ஆயிடுச்சு. எதுக்கும் அம்மாகிட்டக் கேட்டுச் சொல்லுங்க. எழுதிவைக்கணும்."

எப்படியும் அம்மாவிடம் ஆபரேஷனைப் பற்றிச் சொல்லித்தான் ஆகவேண்டும். எப்படி ஆரம்பிப்பது என்றுதான் தெரியவில்லை. அம்மா வேறு ஊரில் பிசியோவின் அண்ணன் வீட்டில் இருந்தாள். அண்ணன் அவளைவிட ஆறு வயது மூத்தவன். அவள் எதைக் கேட்டாலும் இல்லையென்று சொல்லாதவன். இன்றுவரை அவளிடம் குரலை உயர்த்தியதே இல்லை. அப்படி ஒரு அண்ணன் யாருக்குக் கிடைப்பான் என்று சிநேகிதிகள் பொறாமைப்படுவார்கள்.

"என்னடி, இந்த நேரத்துல?" என்றாள் அம்மா போனை எடுத்ததும். பின்னணியில் பாத்திரம் கழுவும் சத்தம். "டாக்டர் வந்தாரா? நல்லபடியா முடிஞ்சுதா?"

"முடிஞ்சுதும்மா. எல்லாம் அப்புறம் சொல்றேன். முதல்ல ஒண்ணு கேக்கணும்." சாதாரணமாகத்தான் கேட்டாள். "நான் கைக்குழந்தையா இருந்தப்போ எங்கேயாவது விழுந்தேனாம்மா? பலமா?"

பாத்திரச் சத்தம் நின்றது.

குழாயை மூடும் ஒலி கேட்டது. லைன் போய்விட்டதோ என்று அவள் போனை எடுத்துப் பார்த்தாள். போகவில்லை.

"அம்மா?"

ஒரு கதவு சாத்தப்பட்டது. மறுபடி வந்த குரல் அவள் இதுவரை கேட்டிராத குரலாக இருந்தது. ரகசியம் பேசும் குரல்.

"மெதுவா பேசு. உன் அண்ணன் அடுத்த ரூம்லதான் இருக்கான்," என்றாள் அம்மா. "இத்தனை வருஷம் கழிச்சு... அவனே சொல்லிட்டானாடி உன்கிட்ட?"